இருபது லிட்டருக்குள்

ஒன்றாம் தேதியிலிருந்து வண்டிக்கு வாரம் இருபது லிட்டர்தான் என்று பெட்ரோல் பங்க் வாசலில் பலகை மாட்டிய அன்று, பிசியோ அக்கா வாய்விட்டே திட்டினாள். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள் என்று படுத்துவிட்டவர்களை வீடு வீடாகப் போய் எழுப்பி நடக்க வைப்பது அவள் வேலை. அவளுடைய கார் மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய கார். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தால் அன்றைக்கு அதற்கு நல்ல நாள்.

வாரத்துக்கு அவள் சுற்ற வேண்டியது இருநூற்று நாற்பது கிலோமீட்டர். இருபது லிட்டரில் வண்டி இருநூறுதான் போகும். மிச்ச நாற்பதில் யாரை விடுவது என்று சிகிச்சை மையத்து மேனேஜர் ரொம்ப யோசிக்கவில்லை, பென்சிலை எடுத்துவிட்டார்.

"மேட்டு வீட்டைத் தூக்கிடலாம்மா. அது ஒண்ணுதான் ஒதுங்கி இருக்கு."

மேட்டு வீட்டில் இருப்பவள் தபால்காரம்மா. இருபத்தாறு வருடம் ஊரைக் காலால் அளந்தவள். பக்கவாதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. மேசையைப் பிடித்துக்கொண்டு மூன்று அடி வைப்பாள், நான்காவதுக்குப் பயந்து உட்கார்ந்துவிடுவாள். இந்த நேரத்தில் விட்டால் அந்த வலது காலைப் பிறகு பிடிப்பது கஷ்டம். இது மேனேஜருக்கும் தெரியும். தெரிந்துதான் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"தூக்கினா அவங்க நாற்காலியோட முடிஞ்சுபோயிடுவாங்க சார்."

"நான் என்னம்மா பண்றது? உங்க வண்டி பன்னெண்டு குடுக்கட்டும், பேரை விட்டு வைக்கிறேன். முதல் வாரம் பாப்போம். நடுவுல எங்கயாவது நின்னுட்டா பேரை அடிச்சிடுவேன்."

அவர் அதைப் பேச்சுக்குத்தான் சொன்னார். அவள் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஊரையே இரண்டு காலில் நிற்க வைக்கிறவள், பிடிவாதம் என்று வந்துவிட்டால் ஒற்றைக் காலில் நிற்பாள். ஒன்றாம் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

முதலில் டிக்கியைத் திறந்தாள். உள்ளே ஒரு குடும்பமே குடித்தனம் நடத்தலாம். பயிற்சிக்கான மணல் மூட்டைகள், உடைந்த ஊன்றுகோல்கள், எந்த வீட்டிலிருந்து வந்தது என்றே தெரியாத ஒரு தையல் மெஷின் தலை. எல்லாவற்றையும் இறக்கினாள். கூரைமேல் வருடக் கணக்காகச் சும்மா உட்கார்ந்திருந்த கேரியரைக் கழற்றினாள். முன்சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தாள்.

"நீங்களும் இறங்குங்க."

"நான் என்ன பாரமா?"

"எம்பத்தாறு கிலோ. மணல் மூட்டையாவது பேசாம இருக்கும்."

அன்றிலிருந்து அவர் தன் கண்ணாடிக் கடைக்குப் பஸ்ஸில் போனார். அவள் நான்கு டயருக்கும் சரியாகக் காற்றடித்தாள். பொழுதுபோகாதவள் மாதிரி ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்தாள். தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததுமே காலை எடுத்தாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்தார்கள், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டேங்கை விளிம்புவரை நிரப்பி, நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்தாள். லிட்டருக்குப் பத்தே முக்கால் கிலோமீட்டர்.

மெக்கானிக் பிளக்கை மாற்றினார், அடைத்துக் கிடந்த ஏர் ஃபில்டரை மாற்றினார். பதினொன்றைத் தொட்டது, அதோடு நின்றுவிட்டது. அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணன் என்பாள். யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை.

"வண்டிக்கு வயசாயிடுச்சுக்கா. இனிமே இவ்ளோதான்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. இதே வார்த்தையை எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறாள்! மகன் சொல்வான், மருமகள் சொல்வாள், சில டாக்டர்களும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிவிடுவார்கள்.

"வயசு வியாதி இல்லண்ணே. எங்கயோ பிடிச்சிருக்கு. எங்கன்னுதான் தெரியல."

சொன்ன வாயோடு வீட்டுக்கு ஓட்டி வந்தாள். வாசலில் நிறுத்தியதும் அவளுக்கே தன்மேல் எரிச்சல் வந்தது. ஒரு முட்டி பிடித்திருக்கிறது என்றால் அவள் முதலில் என்ன செய்வாள்? புறங்கையை இரண்டு முட்டியிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பாள். வலிக்கிற முட்டி சூடாக இருக்கும். காரை விட்டு இறங்கிக் குனிந்து, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைப் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டே சுற்றி வந்தாள். இடது பின்சக்கரத்துக்கு வந்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"என்ன, காருக்குக் காய்ச்சலா?" என்றார் கணவர்.

"ஆமா. இடது பின்கால்ல."

மறுநாள் காலை மெக்கானிக் அந்தப் பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுழற்றினார். அது அரைச் சுற்றுக்கூட வரவில்லை. ஹேண்ட் பிரேக் கேபிள் உள்ளே துருவேறி, இழுத்தது இழுத்தபடியே இறுகிக் கிடந்தது.

"அக்கா, நீங்க ஹேண்ட் பிரேக் போடுறீங்களா, கிணத்துல தண்ணி இறைக்கிறீங்களா? கேபிள் நீண்டு நூலா போயிருக்கு!"

சக்கரத்தைப் பூட்டாமல் யாரையும் எழுப்பாதே என்பதுதான் அவள் தொழிலில் முதல் பாடம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை சக்கர நாற்காலி நழுவி ஒருவர் அவள் கண்ணெதிரிலேயே விழுந்தார். அதற்குப் பிறகு சக்கரம் என்று எதைக் கண்டாலும் பூட்டுவாள். காரையும் அப்படித்தான், சமதரையில்கூட இரண்டு கையாலும் இழுத்துப் பூட்டியிருக்கிறாள், பதினொரு வருடமாக. எத்தனை மாதமாக ஒரு காலைக் கட்டிப்போட்டுவிட்டு வண்டியை ஓடு ஓடு என்று விரட்டினோமோ என்று நினைத்து வெட்கப்பட்டாள். கிழட்டு வண்டி என்று திட்டியதற்காக மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

புதுக் கேபிள் போட்டதும் சக்கரம் விரல் பட்டாலே சுழன்றது. மறுபடி அளந்தாள். பதினொன்றரைக்கும் கொஞ்சம் மேலே. கணக்குப் போட்டால் வாரத்துக்கு இருநூற்று முப்பத்திரண்டு கிலோமீட்டர். எட்டுதான் குறைகிறது. மெக்கானிக் கையை விரித்தார். "இதுக்கு மேல பிழிஞ்சா எண்ணெய்தான்கா வரும்."

ஒன்றாம் தேதி திங்கட்கிழமை. இருபது லிட்டர் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வாரம் முழுக்க ஒரு திருப்பத்தையும் வீணாக்கவில்லை. திங்களும் புதனும் மேட்டு வீட்டுக்கும் போய் வந்தாள். தபால்காரம்மா அதே மூன்று அடி வைத்தாள், அதே மாதிரி உட்கார்ந்தாள். "விட்டுடுங்கம்மா, இந்தக் காலுக்காக நீங்க ஏன் அலையிறீங்க" என்றாள் புதன்கிழமை. பிசியோ அக்காவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

சனிக்கிழமை கடைசியாக மேட்டு வீடு. பெட்ரோல் முள் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேட்டுச் சாலை நாலு கிலோமீட்டர், ஏற நாலு, இறங்க நாலு. அடிவாரத்தில் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்திப் பூட்டினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. செருப்பு ஒரு பக்கம் கடித்தது. திரும்பிப் போகலாம் என்று அவளுக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு உள்ளே போனவளின் புடவை முதுகோடு ஒட்டியிருந்தது. நாற்காலியிலிருந்த தபால்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வண்டிச் சத்தமே கேக்கலையே. கீழ இருந்து நடந்தா வந்தீங்க?"

"ஆமா. வண்டி இன்னும் எட்டுக் கிலோமீட்டர் கத்துக்கணும்."

தபால்காரம்மா அவள் பாதத்தில் செருப்பு கடித்த இடத்தைப் பார்த்தாள்.

"ரெண்டாவது வளைவு ஆளைக் கொன்னுடும்," என்றாள் பிறகு. "அங்க நிக்கக் கூடாது. நின்னா கால் மறுபடி எழும்பாது. நான் ஒருநாளும் நின்னதில்ல."

சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே, நாற்காலியின் பூட்டைத் தானே அழுத்திப் போட்டாள். மேசையைப் பிடித்து எழுந்தாள். மூன்று அடி வைத்தாள். மேசை முடிந்துவிட்டது. வலது கால் நடுங்கிக்கொண்டே நின்றது. பிசியோ அக்கா கையை நீட்டவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"தள்ளுங்கம்மா," என்றாள் தபால்காரம்மா, "வழியை மறைக்காதீங்க."

நான்காவது அடியை வைத்தாள்.