மே மாதத்துச் சுவர்

மூன்றாவது நாளும் மழை. கேமராவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நான் நனைந்தபடி துறைமுகத்துக் கலாச்சார மன்றத்துக்கு எதிரே நின்றிருந்தேன். எனக்குச் சளி பிடித்தால் பத்து நாளில் சரியாகிவிடும், கேமராவுக்குள் ஈரம் போனால் அதோடு சரி. அதனால் குடை அதற்கு.

வடக்கு நாடுகளின் புதிய கட்டடங்களைப் பற்றி ஒரு புத்தகம். ஐந்து நகரங்கள், படங்கள் எல்லாம் என்னுடையவை. இருபது வருடமாகக் கட்டடங்களைப் படமெடுப்பவன் நான். எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: சட்டகத்துக்குள் ஆள் இருக்கக் கூடாது. கட்டடம் மட்டும்தான் பேச வேண்டும். கோபன்ஹேகனில் சைக்கிள்காரர்கள் ஒரு நொடி இடைவெளி தருவதற்காக நான்கு மணி நேரம் காத்திருந்தேன். ஹெல்சிங்கியில் அந்தத் தொல்லையே இல்லை. கேமராவைத் தூக்கியதும் எதிரே வந்தவர்கள் எல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தாங்களாகவே விலகிப் போனார்கள். ரெய்க்யவிக்கில் காற்று கேமரா முக்காலியைத் தூக்கிக் கடலில் போடப் பார்த்தது. கோதன்பர்க்கில் ஒரு நாய் மட்டும் நகர மறுத்தது. எல்லாவற்றையும் ஜெயித்து நான்கு நகரங்களை முடித்துவிட்டேன். ஐந்தாவது எங்கள் ஊர், ஸ்டோர்னெஸ்.

இதைப் புத்தகத்தில் சேர்க்க வைத்தது நான்தான். பதிப்பகத்து பிர்கிட்டேயிடம் இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன். "அந்தக் குட்டி ஊர்ல என்ன இருக்கு?" என்றாள். "இருக்கு, வந்து பாரு" என்றேன். இந்த மன்றத்தை வரைந்து கட்டியது என் அக்கா தோருன் என்பதை மட்டும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் தன் வீட்டு ஆளைத் தானே புகழ்வது, விருந்துக்குப் போன இடத்தில் செருப்போடு உள்ளே நடப்பதற்குச் சமம். இங்கே ஒருவரை உச்சியில் தூக்கி வைக்க வேண்டுமென்றால் "மோசமில்லை" என்போம். அதற்கு மேல் வார்த்தை கிடையாது.

அந்த "மோசமில்லை"கூட அக்காவுக்குக் கிடைக்கவில்லை. போன செப்டம்பரில் திறந்தார்கள். திறப்பு விழா அன்று அடித்த மழையில் மேயரின் பேச்சே நனைந்துபோனது. அக்டோபரில் இருட்டத் தொடங்கியது, நவம்பரில் சூரியன் மலைக்குப் பின்னால் போனால் பிப்ரவரியில்தான் திரும்பும். அந்த இருட்டில் கருந்தார் பூசிய மரச்சுவரோடு அது கரையில் ஒதுங்கிய மீன்பெட்டி மாதிரித்தான் தெரிந்தது. அந்தப் பெயரையே வைத்தார்கள். வைத்தவர் மாக்னார், முப்பது வருடம் படகு ஓட்டி ஓய்வுபெற்றவர். உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்: "இத்தனை பெரிய மீன்பெட்டியில் ஒரு மனிதன் உட்கார வெளியே ஒரு பெஞ்சுகூட இல்லை." ஊரே படித்துச் சிரித்தது. பதினோரு கடிதங்கள் தொடர்ந்து வந்தன. அக்கா வரைந்திருந்த பெஞ்சுகளை வெட்டிவிட்டது நகராட்சிதான், ஆனாலும் அவள் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. அன்றிலிருந்து துறைமுகப் பக்கம் வருவதையே விட்டுவிட்டு, பெட்ரோல் பங்கைச் சுற்றிக்கொண்டு அலுவலகம் போகிறாள்.

வந்த அன்று அவள் வீட்டில் சாப்பிட்டேன். வாஃபிள் சுட்டு, பழுப்புச் சீஸை மெல்லியதாகச் சீவிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"படத்துல எப்படிடா வருது?"

"மழை. இன்னும் எடுக்கல."

"பொய் சொல்லாத. காலையில இருந்து அங்கதான் நின்னுருக்கே. மாக்னாரோட பேத்தி பாத்துட்டுச் சொல்லிட்டா."

"சரி, எடுத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

நான் வாயை வாஃபிளால் அடைத்துக்கொண்டேன். அவள் தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "ஸ்வேரே, உன் கண்ணு பொய் சொல்லாது. கோபன்ஹேகன் பக்கத்துல வச்சா நிக்கலேன்னா போடாத. தம்பிங்கிற பாசத்துல போட்டேன்னா அதைத்தான் என்னால தாங்க முடியாது. நிக்கலேன்னா, இனிமே நான் கார் ஷெட்டு வரைஞ்சுக்கிறேன். அதுக்கும் ஆள் வேணும்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்த எட்டு மாதத்தில் அவள் நகராட்சிக்கு வரைந்தது முழுக்க கார் ஷெட்டுகள்தான் என்பது எனக்குத் தெரியும்.

விஷயம் என்னவென்றால், என் படங்களில் அது நிற்கவில்லை. எடுத்தது நூற்று அறுபது. ஒவ்வொன்றிலும் மீன்பெட்டி. கோணம் மாற்றினேன், லென்ஸ் மாற்றினேன், முழங்கால் வரை கடலில் இறங்கிக்கூட எடுத்தேன். சுவர் லேசாகப் பின்னால் சாய்ந்திருந்தது, அது ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. அடியில் கருங்கல் விளிம்பு ஒன்று அந்த நீளத்துக்கும் ஓடியது, அதுவும் அவசியமில்லாத அகலத்தில். வரைபடத்தில் அதற்கு "பனித் தடுப்பு" என்று எழுதியிருந்தாள். "பனித் தடுப்புக்கு இவ்வளவு அகலமா?" என்று அப்போதே கேட்டேன். "பனி நிறைய விழும்" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் அக்கா தப்பு செய்துவிட்டாள் என்று முதல் முறையாக எனக்குத் தோன்றியது.

இன்று மாலைக்குள் பிர்கிட்டேக்குப் படம் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் அந்தப் பக்கத்தில் வேறு ஊர்.

பதினொன்றரைக்கு மழை நின்றது. பன்னிரண்டுக்கு மலைக்கு மேலே மேகம் கிழிந்து சூரியன் வந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகு உடம்பில் உறைக்கிற வெயில். ஈரச் சுவரிலிருந்து ஆவி எழுந்தது. நான் குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு முக்காலியைச் சரிசெய்தேன். கருமரம் வெயிலில் பளபளக்கிறது, நிழல்கள் கூர்மையாக விழுகின்றன, எதிரே ஒரு ஈ காக்கை இல்லை. இன்னும் ஐந்து நிமிடம் ஈரம் காய்ந்தால் போதும் என்று நினைத்தேன்.

அந்த ஐந்து நிமிடத்தில் ஊரே வந்துவிட்டது.

வெயில் வந்தால் எங்கள் ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வெயில் விழுகிற ஏதாவது ஒரு தெற்குச் சுவரில் போய்ச் சாய்ந்துகொள்வார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும், நானும் அப்படித்தான். மறந்துபோயிருந்தேன். வங்கியிலிருந்து மூன்று பேர், பல் டாக்டர், அவர் நாற்காலியில் இருந்திருக்க வேண்டிய நோயாளி, இரண்டு தள்ளுவண்டிக் குழந்தைகளோடு அம்மாக்கள். உட்காரும் இடத்தில் விரிக்கிற சின்ன மடக்கு மெத்தையும் காபி பிளாஸ்க்கும் எல்லோர் கையிலும். சுவரோரம் வந்தார்கள், கல் விளிம்பைத் தடவிப் பார்த்தார்கள், மெத்தையை விரித்து உட்கார்ந்தார்கள், முதுகைச் சாய்த்தார்கள், கண்ணை மூடினார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. நடுவில் காகிதப் பையில் இறாலோடு மாக்னார்.

நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"மாக்னார், ஒரு பத்து நிமிஷம் எல்லாரும் எழுந்து அந்தப் பக்கம் போக முடியுமா? படம் எடுக்கணும்."

அவர் கண்ணைத் திறக்காமலே இறால் உரித்தார். "அக்டோபர்ல இருந்து இதுக்குத்தான் உக்காந்திருக்கேன். எழுந்திரிக்கவா சொல்றே?"

"பத்து நிமிஷம்தான்."

"நீ கோபன்ஹேகன் போயி கெட்டுட்டே தம்பி. வெயில்ல உக்காந்தவனை எழுப்புறியே." ஒரு இறாலை வாயில் போட்டுக்கொண்டு முதுகை இன்னும் நன்றாகச் சாய்த்தார். "அடேயப்பா, இந்தப் பலகை என்னா சூடு! முதுகுக்கு அளவெடுத்து வச்ச மாதிரி இருக்கு."

பக்கத்தில் பல் டாக்டர் கண்ணை மூடியபடி சொன்னார்: "மோசமில்லை."

நான் திரும்பி நடந்தேன். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. முதுகுக்கு அளவெடுத்து. சாய்ந்த சுவர். தெற்கும் மேற்கும் பார்த்த முகம். வெயிலைக் குடித்து வைக்கிற கருந்தார். பெஞ்சுகள் வேண்டாம் என்று நகராட்சி அடித்துவிட்டதும், பனித் தடுப்பு என்று பெயரெழுதி அறுபது மீட்டர் நீளத்துக்கு அவள் போட்டு வைத்த ஒரே பெஞ்சு. அடிப்பாவி! எட்டு மாதம் ஊரே பெஞ்சு எங்கே என்று கேட்டுச் சிரித்தபோது வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். மே மாதத்துக்குக் கட்டியதை இருட்டில் வைத்துத் தீர்ப்புச் சொன்னோம், நானும் சேர்த்துத்தான்.

ஓடிப்போய்க் கேமராவில் பார்த்தேன். நூற்று அறுபது தடவை செத்துக் கிடந்த சுவர் எழுந்து நின்றது. கோபன்ஹேகன் அதற்குப் பக்கத்தில் நிற்க இரண்டு தடவை யோசிக்க வேண்டும். இதைத் தம்பியாகச் சொல்லவில்லை. தம்பியாகவும் சொல்கிறேன். என் அக்கா கட்டியது என்று துறைமுகம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. போன் செய்தேன்.

"தோருன், துறைமுகத்துக்கு வா."

"எதுக்கு?"

"ஒரு அளவு சரிபாக்கணும்."

"வரைபடத்துலயே இருக்குடா."

"அதுல பொய்யா எழுதி வச்சிருக்கே. வந்து நீயே பாரு."

போனில் கதவு சாத்தும் ஒலி கேட்டது.

அவள் வருவதற்குள் பிர்கிட்டேக்கு எழுதி வைத்தேன். "படத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். ஆள் இல்லாத படம் இந்தக் கட்டடத்துக்குக் கிடையாது. கட்டியவர் தோருன், என் அக்கா. போடுவதென்றால் இதைத்தான் போட வேண்டும்." ஆட்கள், அக்கா, நிபந்தனை, மூன்றில் எதற்காக வேண்டுமானாலும் பிர்கிட்டே அதைக் குப்பையில் போடலாம். அனுப்புவதற்கு ஒரு படம் மட்டும் பாக்கி.

அக்கா நேர் வழியாகவே வந்தாள். மீன் கிடங்கின் மூலை திரும்பியதும் கோட்டுப் பொத்தானில் கை வைத்தபடி நின்றுவிட்டாள். வரிசையாக நாற்பது, ஐம்பது முகங்கள், எல்லாம் வெயிலுக்கு ஏந்தியபடி. பிறகு மெதுவாக நடந்து, மாக்னாருக்கு எதிரே வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அவள் நிழல் அவர் முகத்தில் விழுந்தது.

"யாருப்பா அது, வெயில்..." என்று கண்ணைத் திறந்தவர் அவளைப் பார்த்தார். கையிலிருந்த இறாலைப் பார்த்தார், தான் உட்கார்ந்திருந்த கல்லைப் பார்த்தார், அதன் நீளம் முழுக்க ஒரு தரம் பார்வையை ஓட்டினார். கழுத்து சிவந்துபோனது. மன்னிப்பும் கேட்கவில்லை, பாராட்டவும் இல்லை. கொஞ்சம் நகர்ந்து, தன் மடக்கு மெத்தையின் மீதி மடிப்பையும் பக்கத்தில் விரித்துவிட்டார்.

"உக்காரு" என்றார். "கல்லு இன்னும் ஈரம்."

அக்கா உட்கார்ந்தாள். மெத்தையைத் தாண்டியிருந்த கருங்கல்லை ஒரு கையால் சாண் போட்டு அளந்தாள், ஒன்று, இரண்டு, கொஞ்சம். பிறகு முதுகைச் சாய்த்தாள். மாக்னார் காகிதப் பையை இருவருக்கும் நடுவில் வைத்தார். சட்டகத்துக்குள் என் அக்கா கண்ணை மூடினாள், கல்லின் மேல் விரித்த கையை மட்டும் எடுக்கவில்லை. நான் பொத்தானை அழுத்தினேன்.