பாட்டு எழுதிய விரல்

"கொஞ்சம் அழுத்திப் புடிங்க தம்பி, ஆடுது" என்றார் கட்டிலருகே குனிந்திருந்த ஆள். மருந்துக்கடையிலிருந்து திரும்பிய பிரிஸ்கில்லா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தம்பி ஜெர்ரி அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். அப்பா பிரான்சுவாவின் கட்டைவிரல் மை பூசப்பட்டு ஒரு தாளின் மேல் இருந்தது.

ஆளை அவளுக்குத் தெரியும். சினிமாக் கம்பெனி தெய்வசிகாமணி. ஏசுவின் சிலுவைக் கதையை நடிக்கும் பாஸ்கா நாடகத்துக்கு அப்பா எழுதி மெட்டுப் போட்ட பாட்டை அலுங்காமல் தூக்கிப் படத்தில் வைத்து, வேறொருவர் பெயரைப் போட்ட கம்பெனி அது. அப்பா போட்ட வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. கோர்ட்டுக்கு அலைந்ததில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். இப்போது நினைவு தப்பிக் கிடக்கிறார். அவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா?

"என்னடா பண்ற?"

"படத்துல அப்பா பேரப் போடுறாங்களாம்க்கா. கைநாட்டு வச்சா போதுமாம்."

அவள் தாளைப் பிடுங்கிப் படித்தாள். "எங்கடா பேரு? கம்பெனிக்காக எழுதிக் குடுத்த பாட்டு, எனக்கு உரிமை இல்லன்னு அப்பா சொல்றாப்ல போட்டிருக்கு. படிச்சியா நீ?"

ஜெர்ரி படிக்கவில்லை. அவன் முகம் தொங்கிப்போயிற்று. பிரிஸ்கில்லா எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தாள். பிறகு தாளின் அடியைப் பார்த்தாள். ரேகை எதுவும் விழவில்லை. நீலமாக ஒரு தீற்றல், பக்கத்தில் இன்னொரு தீற்றல்.

"எண்ணெப் பிசுக்கு. தொடச்சிட்டு வச்சா விழுந்துடும்" என்று தெய்வசிகாமணி கைக்குட்டையை எடுத்தார்.

கால்மாட்டில் கண்ணை மூடி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த அம்மா ஆனந்தமேரி எழுந்துவிட்டாள். "தொடாத! மந்திரிச்ச எண்ணெ அது. சாமி இப்பதான் அவஸ்தைபூசுதல் குடுத்துட்டுப் போனாரு."

பங்குச்சாமியார் சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயை நெற்றியிலும் உள்ளங்கையிலும் பூசிவிட்டுக் கிளம்பியபோது அம்மா விடவில்லை. "வெரல்லயும் போடுங்க சாமி, பாட்டு எழுதுன வெரலு" என்று கெஞ்சினாள். முறையில் இல்லாததுதான். ஆனாலும் அவர் எல்லா விரலுக்கும் தாராளமாகவே பூசினார். என்ன அசட்டுத்தனம் இது என்று பிரிஸ்கில்லா அப்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இப்போது அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஜெர்ரி தாளை வாங்கிக் கிழித்து, அதை அந்த ஆளின் பையிலேயே திணித்தான். "கெளம்புங்க சார்."

விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா போய்விட்டார். பிரிஸ்கில்லாவுக்கு அழுகை வந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு வந்தது. எதையும் யாருக்கும் எழுதிக் கொடுக்காமல் போயிருக்கிறார். அப்பாடா என்று மனம் சொன்னது. அப்படிச் சொன்னதற்காக அவள் வெட்கப்படவில்லை.

மறுநாள் சவப்பெட்டியை எடுக்கும் நேரத்தில் பேண்டுக்காரர் சுப்பிரமணியன் டிரம்பெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"அப்பா பாட்டத்தான் எல்லாரும் வாசிக்கச் சொல்றாங்கம்மா. கேஸு நடக்குதாமே, யாரக் கேக்கணும்?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தாள்.

"எங்களத்தான் கேக்கணும். வாசிங்க."

ஜெர்ரி முன்பக்கம் தோள் கொடுத்தான். இரண்டாம் வரியிலேயே டிரம்பெட் சுருதி விலகியது. அப்பா இருந்திருந்தால் நடுத்தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டியிருப்பார். பிரிஸ்கில்லா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

தெருமுனை டீக்கடையில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள்.