காத்யாயனி சொன்ன தேதி

ஆடி மாதத்துக் கர்க்கடக மழை சற்று விட்டதும் காத்யாயனி மிளகுக்கொடிகளைப் பலாமரத்தோடு சேர்த்துக் கட்டினாள். பிறகு கைகழுவிவிட்டுத் தலச்சேரி கோர்ட்டுக்குப் பஸ் ஏறினாள். தனக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று இன்று ஊரார் முன்னால் தீர்மானிக்கப் போகிறார்கள்.

வழக்குப் போட்டவன் கூடப்பிறந்த தம்பி உத்தமன். பெயர் வைத்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. விதவை அக்காவின் மிளகுக் குன்றை ஒட்டிப் புதுச்சாலை வந்ததும் அவனுக்குத் திடீரென்று பாசம் பொங்கியது. இரண்டு மாதம் முன்பு அவளைப் பெங்களூருக்குக் கூட்டிப்போனான். மலையாளம் தெரியாத ஒரு டாக்டர் முன்னால் உட்காரவைத்து, கேள்வியையும் பதிலையும் தானே மொழிபெயர்த்தான். ‘தேதி தெரியவில்லை, இது ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு என்கிறார், சித்தம் கலங்கியவர்’ என்று சான்றிதழ் வந்தது. அதைக் காட்டி, குன்றை நிர்வகிக்கும் உரிமையைத் தனக்குத் தரவேண்டும் என்று மனுப் போட்டான்.

நீதிபதி அந்தக் காகிதத்தோடு நிற்கவில்லை. உளவியலாளர் ஷெமீனாவை நியமித்தார். அவள் இரண்டு நாள் குன்றிலேயே காத்யாயனியோடு சுற்றி, பேசி, சோதித்துப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

“வருஷத்தையே எண்ணூறு வருஷம் தள்ளிச் சொல்லியிருக்காங்களே?” என்று நீதிபதி கேட்டார்.

“சார், உத்தமனோட மகளுக்குக் கல்யாணம் என்னைக்குன்னு அவர்கிட்ட கேளுங்க” என்றாள் ஷெமீனா.

நீதிபதி கேட்டார். உத்தமன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “சிங்ஙம் மாசம் பத்து சார்” என்றான்.

“எந்த வருஷம்?”

“ஆயிரத்து இருநூ…”

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். நீதிபதி திரும்பிச் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். மேல் ஓரத்தில் மலையாள ஆண்டு 1199 என்றிருந்தது. அடுத்த மாதம் சிங்ஙம் பிறந்தால் புது வருஷம், 1200.

“காத்யாயனி ஏச்சி சரியாத்தான் சொன்னாங்க, சார்” என்றாள் ஷெமீனா. “ நட்டு வெச்ச ஒவ்வொரு கொடிக்கும் மாசமும் வருஷமும் இந்தக் கணக்குலதான் வெச்சிருக்காங்க. ஏதோ பழைய காலத்துல இருக்காங்கன்னு அந்த டாக்டர் நினைச்சுட்டார். மொழிபெயர்த்தவருக்கு நல்லாத் தெரியும், அவர் சொல்லலை. மனசைச் சோதிக்கிறவங்க, அந்த மனுஷர் எந்தக் கணக்குல வாழறார்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். லாபம் பாக்கறவன் வாய்வழியா ஒருத்தரோட புத்தியை அளக்கவே கூடாது.”

மனு தள்ளுபடியானது. பொய்யாக மொழிபெயர்த்ததற்கு உத்தமன் தனியாகப் பதில் சொல்லவேண்டும் என்றும் நீதிபதி உத்தரவிட்டார். காத்யாயனி ஷெமீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலைகுனிந்து நின்ற தம்பி பக்கம் போனாள்.

“கல்யாணத்துக்கு வந்துடறேன்டா. எனக்குத் தேதி மறக்காது.”