வாய் திறக்காத ஊழியம்

ஆண்டவர் ஒரு நகரத்தின் மேல் மனமிரங்கும்போது முதலில் அங்கே ஒரு மனிதனை அனுப்புகிறார். எங்கள் தெருவுக்கு லாக்லனை அனுப்பினார். வாடகை லாரியை நிறுத்த இடம் கிடைக்காமல் லாக்லன் நாலு சுற்றுச் சுற்றி, கடைசியில் ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில் நிறுத்தி, இறங்கிய ஐந்தாவது நிமிடம் அபராதச் சீட்டு வாங்கினார். அவரை எங்கள் ஊர் வரவேற்ற விதம் அது.

மெல்போர்னின் நடு ஊரில் இருபது மாடி அரசாங்கக் குடியிருப்பு எங்களுடையது. நான் நோரீன், பதினோராம் மாடி. ஆஸ்பத்திரிச் சமையலறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கன்னியாஸ்திரீகளிடம் படித்து முடித்த அன்றே கடவுளோடு எனக்கிருந்த பேச்சுவார்த்தையும் முடிந்துவிட்டது. லாக்லனும் அவர் மனைவி ப்ரான்வினும் எதிர்ச்சாரியில் ஒடுங்கலான செங்கல் வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். என்ன வேலை என்று கேட்டால் லாக்லன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "உங்க பக்கத்து வீட்டுக்காரர். அவ்வளவுதான்" என்பார். அப்படிச் சொல்கிறவர்களை எங்கள் கட்டடத்தில் பொதுவாக போலீஸ் என்று நினைப்போம்.

உண்மையில் அவர் பாஸ்டர். வேதாகமக் கல்லூரியில் இரண்டு பட்டம். கேம்பர்வெல் பக்கம் வசதியான சபை ஒன்று, உள்நகரத்தில் கிறிஸ்தவ உறவைக் கட்டி எழுப்பச் சொல்லி மூன்று வருடத்துக்கு அவரை அனுப்பியிருந்தது. லாக்லனிடம் அதற்கு ஒரு கொள்கை இருந்தது. ஏழைகள் சபைகளால் காயப்பட்டவர்கள். அவர்களிடம் ஆண்டவரைப் பற்றி எடுத்தவுடனே பேசக் கூடாது. முதலில் உறவு, மற்றதெல்லாம் பிறகு. அதனால் வேதாகமத்தை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். கழுத்துச் சிலுவையைக் கழற்றினார். சாப்பாட்டுக்கு முன் ஜெபத்தைக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே மனசுக்குள் சொல்லப் பழகினார். இதற்கு மட்டும் ஆறு மாதம் பயிற்சி எடுத்தாராம்.

காயப்பட்ட எங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடைக்காது. ஆறாம் மாடி லெயோட்டா, சமோவாக்காரர்கள் சபையின் டீக்கன். வெள்ளைக் கோட்டும் டையும் கீழே வேட்டி மாதிரி லாவாலாவாவுமாக, பின்னால் நாற்பது பேர் பாடகர் குழுவோடு இறங்குவார். பதினான்காம் மாடி அச்சோல், சூடான் டிங்கா இனத்தார் சபையில் தாய்மார் சங்கத் தலைவி. அவள் ஆட்கள் மேளத்தோடு இறங்குவார்கள். வியட்நாம்காரர்கள் பூசைக்கு, டோங்காக்காரர்கள் ஆராதனைக்கு. மொத்தக் கட்டடத்திலும் இரட்சிப்புக்கு வெளியே நின்றவள் நான் ஒருத்திதான். எனக்கும் ஞானஸ்நானம் ஆகியிருந்தது.

அதே நேரம் லாக்லன் கேம்பர்வெல் சபைக்குக் கிளம்புவார். ஆராதனைக்குப் போகிற தோற்றம் இருந்தால் ஜனங்கள் மிரளுவார்கள் என்று அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, கையில் காப்பிக் குவளை. கார் தெரு முனை திரும்பும் வரை எல்லாரும் பார்ப்பார்கள்.

"பீச்சுக்குப் போறாங்க," என்பாள் அச்சோல். "ஓய்வு நாள்ல. பாவம்."

வியாழன் சாயங்காலம் ஆறு மணிக்குக் கீழ்த்தளக் கூடத்தில் லாக்லன் எல்லாருக்கும் சாப்பாடு போடுவார். பருப்பு சூப். அது என்ன பருப்பு என்று கடைசிவரை யாருக்கும் பிடிபடவில்லை. லெயோட்டா வீட்டிலிருந்து சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பாலும், அச்சோல் வீட்டிலிருந்து கிஸ்ரா ரொட்டியும் ஆட்டுக்கறிக் குழம்பும் வரும். அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. மேஜையில் தட்டு வைத்தவுடன் லெயோட்டாவும் அச்சோலும் கையைக் கட்டிக் காத்திருப்பார்கள், சாப்பாடு போடுகிறவர் ஜெபம் பண்ணட்டும் என்று. லாக்லன் கண்ணை அகலத் திறந்து கூரையைப் பார்த்துவிட்டு, "ஆரம்பிங்க ஆரம்பிங்க, ஆறிடப் போகுது" என்பார். அவர் மனசு புண்படக் கூடாதென்று இவர்கள் மேஜைக்கு அடியில் கைகோத்து ஜெபிப்பார்கள். இவர்கள் மனசு புண்படக் கூடாதென்று அவர் கூரையைப் பார்த்து ஜெபிப்பார். இப்படியே இரண்டு வருடம் போயிற்று.

ஒரு நாள் லிஃப்டில் அச்சோல் என் முழங்கையைப் பிடித்தாள்.

"அக்கா, அந்தாளு யாரைத்தான் கும்பிடுறாரு?"

"யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லடி."

நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்த வாரமே செய்தி இருபது மாடியும் ஏறி இறங்கியது: எதிர்வீட்டுக்காரன் கடவுளை அறியாதவன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். லெயோட்டா சபைக்கும் அச்சோல் சபைக்கும் ஐந்து வருடமாகப் பேச்சில்லை. இரண்டும் ஒரே பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்து முன்னே பின்னே ஆராதனை நடத்தியவை. மேளம் முடியும் நேரத்தில் பாட்டு ஆரம்பிக்குமா, பாட்டு ஆரம்பிக்கும் நேரத்தில் மேளம் முடியுமா என்பது தகராறு. அப்படிப்பட்ட லெயோட்டா ஒரு புதன்கிழமை பதினான்காம் மாடிக்கு ஏறிப்போய் அச்சோல் கதவைத் தட்டினார்.

"சகோதரி, மேளத்தை அப்புறம் பார்த்துக்கலாம். எதிர்ல ஒரு ஆத்துமா அழியுது."

"உள்ள வாங்கய்யா," என்றாள் அச்சோல். "மேளம் இல்லாம ஜெபிக்கலாமா?"

"மெதுவா அடிங்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு புதனும் உபவாச ஜெபம். சமோவாவும் சூடானும் ஒரே கம்பளத்தில் முழங்கால் போட்டன. டோங்காக்காரர்கள் சேர்ந்தார்கள். வியட்நாம்காரர்கள் மெழுகுவர்த்தி கொடுத்தனுப்பினார்கள். நானும் போனேன், உபவாசம் ஏழு மணிக்கு முடியும், ஏழேகாலுக்குக் கறிக்குழம்பு. லாக்லன் மூன்று வருடம் சூப் கிண்டிக் கட்டப் பார்த்த கிறிஸ்தவ உறவு, அவருக்குத் தலைக்கு மேலே பதினான்காம் மாடியில், அவருக்குத் தெரியாமல், அவர் அவிசுவாசத்தின் மேல் நன்றாகவே கட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாம் வருடக் கடைசியில் ப்ரான்வின் என் வீட்டுக்கு வந்தாள். நகராட்சி நீச்சல் குளத்தில் எங்கள் பெண்களுக்கெல்லாம் நீச்சல் சொல்லிக் கொடுத்தவள் அவள். அச்சோலையே தண்ணீரில் இறக்கிவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தேநீரைக் குடிக்காமல் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னாள்: பாஸ்டர் என்பது, சபை அனுப்பியது, இழுப்பறை.

"வர்ற வியாழன் கமிட்டி வருது நோரீன். எங்களை வச்சிருக்கிறதா திருப்பி அழைக்கிறதான்னு அன்னிக்கே முடிவு பண்ணிடுவாங்க. வேணாம்னுட்டா மாமியார் வீட்டுப் பின்கட்டுக்குத்தான் போகணும்."

"மாமியார் எப்படி?"

"துண்டையெல்லாம் இஸ்திரி போடுவாங்க." அவள் கண் கலங்கியது. "எனக்குன்னு சிநேகிதிங்க கிடைச்சதே இங்கதான். எனக்குப் போக வேணாம் நோரீன்."

"லாக்லன் என்ன சொல்றாரு?"

"உறவு கனியக் காத்திருக்கணுமாம். இன்னும் ரெண்டு வருஷம் ஆகுமாம்."

அப்போதே நான் பதினான்காம் மாடிக்குப் போய், அந்த ஆள் பாஸ்டர்தான், எழுந்திருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் புதன்கிழமைக் கூட்டம் கலையும், மேளத் தகராறு திரும்பும், கறிக்குழம்பும் நிற்கும். இந்த மூன்றில் எது என் வாயைக் கட்டியது என்று நான் ஆராய்ந்து பார்க்கவில்லை.

ப்ரான்வின் நேரே லெயோட்டாவிடம் போனாள். "ஐயா, வியாழக்கிழமை எங்க ஆளுங்க வர்றாங்க, அவங்க முன்னாடி ரெண்டு வார்த்தை பேசுவீங்களா? இந்த மூணு வருஷத்துல இங்க என்ன நடந்துச்சுன்னு, மனசுல இருக்கிறதை அப்படியே."

லெயோட்டா அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பேசுறேன்மா. நாங்களே அதுக்குத்தான் நேரம் பார்த்துக்கிட்டிருந்தோம்."

வியாழக்கிழமை கேம்பர்வெல்லிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தலைவி திருமதி ஆல்டர்சன், முத்து மாலையோடு, நாற்காலியைத் துடைக்கலாமா கூடாதா என்று யோசித்துவிட்டு உட்கார்ந்தார். கூடம் நிரம்பியிருந்தது. லாக்லன் என் காதருகே குனிந்து, "பார்த்தீங்களா? வாய் திறக்காமலே இவ்வளவு பேர்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

சூப்புக்கு முன்னால் லெயோட்டா எழுந்தார். முழு வெள்ளைக் கோட்டு. பின்னால் நாற்பது பேரும் எழுந்தார்கள்.

"பெரியவங்களுக்கு வணக்கம். இந்தத் தம்பியையும் தங்கச்சியையும் பத்திச் சாட்சி சொல்றேன். நல்ல பிள்ளைங்க. சூப்பைப் பத்தி நான் பேசலை." சிரிப்பு. "ஆனா மூணு வருஷமா ஒரு வேளைகூட ஆண்டவருக்கு நன்றி சொல்லாம சாப்பிட்டாங்க. ஞாயித்துக்கிழமை பீச்சுக்குப் போனாங்க. அவர் நாமத்தை இவங்க வாயிலேர்ந்து ஒரு தடவைகூட நாங்க கேட்டதில்லை."

லாக்லன் புன்னகை அப்படியே நின்றது. எடுக்க மறந்துவிட்டார்.

"இவங்களுக்காகப் பதினாலு மாசம் உபவாசம் இருந்தோம். பேசாம இருந்த ரெண்டு சபை பேசிக்கிச்சு. இன்னிக்கு இவங்க சொந்தக்காரங்களே வந்திருக்கீங்க." திருமதி ஆல்டர்சனைப் பார்த்துத் தலை வணங்கினார். "உங்க முன்னாடியே கேக்குறேன். தம்பி லாக்லன், இப்பவாவது ஆண்டவரை ஏத்துக்கிறியாப்பா?"

லாக்லன் எழுந்தார். "ஐயா... அது வந்து... உண்மை என்னன்னா..." என்று தொடங்கி, கமிட்டியைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், மூன்று வருடம் ஒரே தெருவில் குடியிருந்தும் தான் கிறிஸ்தவன் என்பது ஒரு ஜீவனுக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டார் என்றாகும். லெயோட்டாவைப் பார்த்தார். அந்தக் கிழவர் முகத்தில் பதினான்கு மாதப் பசி இருந்தது.

"நான் ஏற்கனவே..." என்றார்.

"போ," என்றாள் ப்ரான்வின், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ப்ரான், நான் எப்படி..."

"முழங்கால் போடு லாக்லன்."

போட்டார். லெயோட்டா தலையில் கை வைத்தார். அச்சோல் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். மேளமும் பாட்டும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தன, யாரும் சண்டை போடவில்லை. தமக்காக ஒருவர் பேர் சொல்லி உரக்க ஜெபித்து எத்தனை வருடமாயிற்றோ, லாக்லன் தேம்பித் தேம்பி அழுதார். அது நடிப்பில்லை. அவருக்கு நடிப்பு வராது. கண்ணைத் திறந்து ஜெபிக்கவே ஆறு மாதம் பிடித்த மனிதர்.

திருமதி ஆல்டர்சன் என் பக்கம் சாய்ந்தார். "இங்க என்னங்க நடக்குது?"

"ஒருத்தர் இரட்சிக்கப்படுறாருங்க."

"அது எங்க பாஸ்டர்."

"எங்களுக்குத் தெரியாதுங்களே."

முத்து மாலையை இரண்டு தடவை உருட்டினார். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து, எழுந்து, கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய் லாக்லனுக்குப் பின்னால் நின்றார்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது: இன்னும் மூன்று வருடம். ப்ரான்வின் பதினோரு மாடியும் படியேறி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். லாக்லன் செவ்வாய்தோறும் புது விசுவாசிகள் வகுப்புக்குப் போகிறார். அச்சோல்தான் நடத்துகிறாள். அவருக்கு ஞாபகசக்தி நன்றாக இருக்கிறது என்கிறாள்.

கேம்பர்வெல் சபையின் மாதப் பத்திரிகையை ப்ரான்வின் எனக்கு ஒரு பிரதி கொடுத்தாள். முதல் பக்கத்தில், முழங்காலில் நிற்கும் ஒருவரின் முதுகுப்புறம் பெரிதாக அச்சாகியிருந்தது. கீழே இப்படிப் போட்டிருந்தார்கள்: "நம் பாஸ்டரின் மூன்று வருட உழைப்பின் முதற்கனியாக, உள்நகரவாசி ஒருவர் ஆண்டவரை ஏற்றுக்கொள்கிறார்."

படத்தில் இருப்பது லாக்லன்.