சிவப்பு ஆகாது

லைக்வான் ஜெல்லித் தட்டைக் குளிர்பெட்டிக்குள் தள்ளி, கதவு சாத்திக்கொள்ளாமல் முரண்டுபிடிக்கவே முழங்காலால் ஒரு இடி இடித்தாள். மணி ஒன்பதரை. மூன்று மணிக்கு வண்டி வந்துவிடும். அதற்குள் ஜெல்லி இறுகி, சாவு மண்டபத்தில் கணவர் டாக்வோவின் படத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். சவப்பெட்டியை மூடிய பிறகு எதை வைத்து என்ன பயன்?

எல்லாம் அந்த மனிதரின் பிடிவாதம். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் முழுக்க ஒரே பல்லவிதான்: குவாய்ஃபா பூப் போட்ட ஜெல்லி வேண்டும். தொண்டையில் கஞ்சியே இறங்காத நிலை. கொடுக்கவே கூடாது என்று நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு வாங்க. ஒரு தட்டு முழுக்கச் செஞ்சு தரேன்" என்று லைக்வான் வாக்குக் கொடுத்திருந்தாள். சரியென்று தலையாட்டினார். வியாழக்கிழமை காலை அவள் முகம் கழுவப் போன ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டார். முப்பத்தெட்டு வருஷம் மினிபஸ் ஓட்டியவர். யாருக்காகவும் நின்று பழக்கமில்லை.

கணவரின் அக்கா மெய்யூக், யுன்லாங்கிலிருந்து வந்து சேரும்போது பன்னிரண்டாகிவிட்டது. தலையில் துக்கத்துக்கான வெள்ளைக் கம்பளிப்பூ. வந்ததும் தண்ணீர் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தவள், திறந்தபடியே நின்றாள்.

"இது என்ன?"

"ஜெல்லி அண்ணி. அவருக்கு வைக்க."

"அது தெரியுது. உள்ள சிவப்பா என்னது?"

லைக்வான் எட்டிப் பார்த்தாள். தேன் நிறத்தில் இறுகியிருந்தது ஜெல்லி. பொடி மஞ்சள் பூக்கள் அடியில் தங்காமல் நடுவில் நின்றிருந்தன. அவற்றோடு கௌகெய் என்னும் கோஜிப் பழங்கள், செக்கச்செவேலென்று ஒரு கைப்பிடி.

அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. துக்க வீட்டில் சிவப்பு ஆகாதென்று வாசல் கதவின் சிவப்புத்தாளைக் கிழித்தவள் அவள்தான். சிவப்பு நாட்காட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பியவளும் அவள்தான். வீடெல்லாம் சிவப்பை ஒழித்துவிட்டுக் கடைசியில் அவருடைய தட்டிலேயே அள்ளிப் போட்டிருக்கிறாள். கைக்குப் பழக்கம்தான் தெரியும், துக்கம் தெரியுமா?

"சாவுப்படையல்ல சிவப்பு வெச்சா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? புருஷன் போனதுக்குக் கொண்டாடுறாளான்னு கேக்க மாட்டாங்க?"

"கேக்கட்டும்."

"வேற செய்யி. நேரம் இருக்கே."

"பூ இல்ல அண்ணி. குவெய்லின்லேருந்து வந்த பொட்டலத்தை முழுக்கப் போட்டுட்டேன். கடையில விக்கறது வைக்கோல் வாசம் அடிக்கும். அதை வெச்சா மனுஷன் எழுந்து வந்து சண்டை போடுவாரு."

மெய்யூக்குக்கும் தம்பியைத் தெரியும். அதற்கு மேல் வாதாடவில்லை.

"அப்ப பழத்தை எடு."

"எல்லாத்தையுமா?"

"பின்ன, பாதியையா?"

லைக்வான் தையல் பெட்டியிலிருந்து இடுக்கியைக் கொண்டுவந்தாள். மடக்கு மேசையை விரித்து இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அண்ணிக்குச் சாப்பிடும் குச்சி ஒன்று, அவளுக்கு இடுக்கி. எடுத்த பழங்களைப் போடக் கைக்கு எட்டிய கிண்ணம் ஒன்றை இழுத்துக்கொண்டாள்.

"செத்தும் வேலை வெச்சுட்டான் பாரு" என்றாள் மெய்யூக்.

"இதாவது பரவால்ல. பழம் போடலன்னா தட்டைத் தொட மாட்டாரு. போட்டாலும் ஒண்ணையும் தின்ன மாட்டாரு. பொறுக்கிப் பொறுக்கி என் கிண்ணத்துல தள்ளுவாரு. கேட்டா, கண்ணுக்கு நல்லது தின்னு, அப்பத்தான் ஊசியில நூல் கோக்க என்னைக் கூப்பிடாம இருக்கலாம்னு பேச்சு."

"அவனே கோத்துக் குடுப்பானா?"

"குடுப்பாரு. முணுமுணுத்துட்டே."

சொன்ன பிறகு கை சற்று நின்றது. பிறகு அடுத்த பழத்தை இடுக்கியால் பிடுங்கினாள். பிடுங்கிய இடத்தில் சின்னக் குழி விழுந்தது. அரைமணி நேரத்தில் தட்டு முழுக்க அம்மைத் தழும்பு போலக் குழிகள். அத்தனை பக்குவமாகச் செய்து, பூ அடியில் உட்காராமல் நேரம் பார்த்துக் கிளறி, கடைசியில் இந்த லட்சணத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கிறது. அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபத்தை மட்டும் வெளியே விட்டாள்.

"வெக்கறேன். இதைப் பாத்துட்டும் குறை சொல்லட்டும்."

எழுந்து, தட்டைத் துணியால் மூடக் கையை நீட்டியபோதுதான் அந்தக் கிண்ணம் கண்ணில் பட்டது. விளிம்பில் நீலக்கோடு, ஓரத்தில் சில்லு பெயர்ந்தது. அவளுடைய கிண்ணம்தான். முக்கால்வாசி நிரம்பியிருந்தது.

லைக்வான் உட்கார்ந்தாள்.

"அதைக் கொட்டிட்டுக் கிளம்பு. வண்டி வந்துரும்" என்றாள் மெய்யூக்.

லைக்வான் கரண்டியை எடுத்துத் தின்னத் தொடங்கினாள். குளிர்ந்த, கற்கண்டுத் தித்திப்பில் ஊறிய பழங்கள். துக்கத்தில் சிவப்பைத் தொடலாமா என்று கேட்க வாயெடுத்த மெய்யூக், கேட்காமல் தட்டுப் பக்கம் திரும்பினாள். துணியால் மூடும் முன் ஒருமுறை பார்த்தாள். ஒரு மூலையில், பூக்களுக்கு அடியில், ஒரு பழம் தப்பியிருந்தது.

குச்சியால் அதைக் கிளப்பி எடுத்தாள். குப்பைக்கூடை காலடியில்தான் இருந்தது. மேசைக்கு மேல் கையை நீட்டி, லைக்வானின் கிண்ணத்தில் போட்டாள்.