பத்தே கால் அப்பாயின்ட்மென்ட்

எட்டு வருடமாக மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் மூத்தவளுக்கு உத்தியோகம். பல் மருத்துவமனைகள் முன்பதிவுக்குப் பயன்படுத்தும் மென்பொருளைத் தயாரிக்கும் நிறுவனத்தில் அவள் டெஸ்டர். தப்பான தேதியைப் போட்டுப் பார்ப்பாள், பெயர் கேட்டால் எண்ணைக் கொடுப்பாள், எங்கே உடைகிறது என்று எழுதி அனுப்புவாள். எழுதிய டெவலப்பர்கள் மூன்றாவது மாடியில் இருந்தார்கள். அவளுக்கு இரண்டாவது மாடி. அந்த ஒரு மாடியை ஏறிவிட வேண்டும் என்றுதான் ஆன்லைனில் ஜாவா புரோகிராமிங் வகுப்பில் சேர்ந்தாள்.

சனி ஞாயிறு காலைகளில் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து உட்காருவாள். அதே வீட்டில்தான் ஓரகத்தியும் இருந்தாள், கணவருடைய தம்பியின் மனைவி. அவள் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையை மூடிவிட்டார்கள்.

"அக்கா, நானும் பக்கத்துல உக்காந்து பாக்கட்டுமா? பொழுதே போகல."

"உக்காரு, அதுக்கென்ன."

அந்த 'அதுக்கென்ன'வை நினைத்துப் பிற்பாடு எத்தனையோ தடவை நாக்கைக் கடித்துக்கொண்டாள் மூத்தவள்.

மூன்றாவது வாரம் கிளாஸ், ஆப்ஜெக்ட் என்று பாடம் போனது. மூத்தவள் மூன்று வண்ணப் பேனாவில் குறிப்பெடுத்தாள்; ஒன்றும் ஏறவில்லை. இளையவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"இது எங்க கடை ஆர்டர் ஃபார்ம் மாதிரிக்கா. ஃபார்ம் ஒண்ணுதான், அதுல பேரு, பவர், ஃப்ரேம்னு கட்டம் இருக்கும். ஆளாளுக்கு நிரப்பி அனுப்பினா தனித்தனிக் கண்ணாடியா வந்துடும். ஃபார்ம்தான் கிளாஸ். கண்ணாடி ஆப்ஜெக்ட்டு. அவ்வளவுதானே?"

அவ்வளவேதான். மூத்தவள் வண்ணப் பேனாக்களை ஒவ்வொன்றாக மூடி வைத்தாள்.

அதற்கப்புறம் பயிற்சிக் கணக்குகளை இளையவள்தான் முதலில் முடித்தாள். ஒரு திங்கட்கிழமை லேப்டாப்பின் பாஸ்வேர்டை மாற்றினாள் மூத்தவள். "ஆபீஸ்ல மாத்தச் சொன்னாங்க" என்று கூசாமல் புளுகினாள். இளையவள் பரணிலிருந்து பழைய கம்ப்யூட்டரை இறக்கித் தூசி தட்டினாள்.

ஆறு மாதம் போனது. நிறுவனத்தில் புதிதாக ஒரு டெவலப்பரை எடுக்கப் போவதாக அறிவிப்பு வந்தது, வெளியாட்களும் விண்ணப்பிக்கலாம். மூத்தவள் வாயே திறக்கவில்லை, கணவரிடம் தவிர. அவரோ வெகுளி. சாப்பிடும்போது போட்டு உடைத்தார்.

"இவ ஆபீஸ்ல ஆள் எடுக்கிறாங்களாமே, நீயும் போடேம்மா."

மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தாள் மூத்தவள்.

"எதுக்கு என் கால மிதிக்கிற?" என்று சத்தமாகவே கேட்டார்.

இருவருமே விண்ணப்பித்தார்கள். இளையவளுக்கு வேலை கிடைத்தது. நேர்காணலில் மூத்தவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது; படித்த மூன்று வண்ணங்களும் மறந்து போயின. அன்று மாலை வீட்டில் கேக் வெட்டினார்கள். கன்னம் வலிக்கிற அளவுக்குச் சிரித்தாள் மூத்தவள். மறுநாளிலிருந்து ஒரே பஸ்ஸில் இருவரும் போனார்கள். லிஃப்ட் இரண்டாவது மாடியில் அவளை இறக்கிவிட்டு இளையவளைத் தூக்கிக்கொண்டு மேலே போகும். கதவு மூடும் அந்த இரண்டு நொடியை அவளால் சகிக்க முடியவில்லை. படியேறப் பழகிக்கொண்டாள்.

இரண்டு மாதத்தில் இளையவள் எழுதிய முதல் புரோகிராம் சோதனைக்கு வந்தது. ரத்தான நேரத்தை இன்னொரு நோயாளி எடுத்துக்கொள்ளும் வசதி அது. மூத்தவள் பட்டன்களை அமுக்கிப் பார்த்தாள். எல்லாம் கச்சிதம். விடுவாளா? அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள்: புரோகிராமின் கோட் முழுவதையும் திறந்து வைத்து, வரிவரியாகப் பேன் பார்ப்பது போல் பார்த்தாள். புரியாத வரியைத் தேடிப் படித்தாள். நான்காம் நாள் அகப்பட்டது. நேரம் காலியா என்று பார்ப்பது ஒரு வரி. பெயரை எழுதுவது ஐந்து வரி தள்ளி. அந்த இடைவெளியில் இன்னொருவர் நுழைந்தால்? இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே சமயத்தில் பத்தே காலை அமுக்கினாள். இருவருக்கும் 'உறுதி' என்று வந்தது. ஒரே நாற்காலி, இரண்டு வாய்.

வரி எண்ணோடு அறிக்கை எழுதி, 'மிக அபாயம்' என்று குறித்து, மேலதிகாரி உட்பட அத்தனை பேருக்கும் அனுப்பினாள். மறுநாள் கூட்டத்தில் இளையவள் தலை குனிந்து நின்றாள் என்று கேள்விப்பட்டபோது இனித்தது. சாயங்காலம் பஸ்ஸில் அவள் வீங்கிய கண்ணைப் பார்த்ததும் அந்த இனிப்பு கசந்துவிட்டது.

"ஒரே வீடு, ஒரே பஸ்ஸு. எங்கிட்ட முதல்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள் இளையவள்.

"பொறாமை" என்றாள் மூத்தவள், ஜன்னலைப் பார்த்தபடி. "நீ சேர்ந்ததுலேர்ந்தே வயிறு எரியுது. வேலைக்கு ஆள் எடுக்கிறதையும் உங்கிட்ட மறைச்சேன்."

"தெரியும். மாமா கால நீங்க மிதிச்சப்பவே தெரியும்."

பதினொரு நாள் வீட்டில் இருவருக்கும் இடையில் "உப்பு", "சாவி" தவிர வேறு சொல்லே புழங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் மூன்றாவது மாடியின் டீம் லீட், மூத்தவளின் மேஜைக்கு இறங்கி வந்தார்.

"டெஸ்டர் யாரும் வரி எண் போட்டு எழுதி நான் பாத்ததில்ல. கோட் படிக்கிறீங்களா?"

"அந்த ஒண்ணு மட்டும் படிச்சேன் சார்."

"நேர்காணல்ல ஒண்ணுமே சொல்லலையே? அடுத்த தடவையும் போடுங்க."

அன்று வீட்டில் இளையவள்தான் முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நேர்காணல்ல என்ன கேப்பாங்கன்னு சொல்றேன். உங்க மேல கோவம் இன்னும் போகல. ஆனா நீங்க கண்டுபிடிச்சது நெசமான தப்பு. எழுதின எனக்கே தெரியல."

எட்டு மாதம் கழித்து மூத்தவளும் மூன்றாவது மாடிக்குப் போனாள். போன முதல் வாரமே, ஒரு பெரிய மருத்துவமனையின் வேலை முழுவதையும் இளையவள் பொறுப்பில் விட்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். மூத்தவளும் தட்டினாள்.

பஸ்ஸில் இளையவள் குனிந்து கேட்டாள்: "எரியுதாக்கா?"

"எரியாம?" என்றாள் மூத்தவள். "நீ எழுதுற கோட் எல்லாம் எங்கிட்டதான் முதல்ல காட்டணும், சொல்லிட்டேன்."