இருபத்து நான்காவது வரி

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். மற்றவர்கள் தாண்டிப்போகும் பிழை அவள் கண்ணில் பட்டுவிடும். ஒரு பொத்தான் மயிரிழை இடப்பக்கம் நகர்ந்திருந்தால்கூட, "இது நேத்து இங்க இல்லையே" என்பாள். மருத்துவமனை மருந்தகங்களுக்கு மென்பொருள் செய்து தரும் நிறுவனம் அது. நாற்பத்தொரு மருத்துவமனைகள் அதைப் பயன்படுத்தின. ஒவ்வொரு புதுப் பதிப்பும் வெளியே போகும்முன், எந்தெந்தக் கணினியில், எந்தெந்த பிரவுசரில் அது ஒழுங்காக ஓடுகிறது என்று சோதித்துப் பட்டியல் போடுவது அவள் வேலை.

பட்டியலில் இருபத்து நான்கு வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு இயங்குதளம், ஒரு பிரவுசர், அதன் பதிப்பு எண். எதிரே ஒரு கட்டம். ஓடினால் டிக். அந்தப் பட்டியல்தான் நிறுவனத்தின் இணையதளத்தில் ஏறும். புதுப் பதிப்பை ஏற்றலாமா, வேண்டாமா என்று மருத்துவமனைகள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யும்.

கடைசி வரியில் இருந்தது எல்லாவற்றிலும் பழைய இயங்குதளமும் அதோடு வந்த பழைய பிரவுசரும். அதைச் சோதிக்கவென்றே மூலையில் ஒரு கணினியை வைத்திருந்தார்கள். அது எழுந்து உட்காரவே பதினொரு நிமிடம் பிடிக்கும். "பெரியவர் முழிச்சாச்சா?" என்று போகிற வருகிறவர்கள் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

புதுப் பதிப்பு ஒன்று வெளியே போகவிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் மூன்றரைக்குள் இருபத்து மூன்று வரிகளை முடித்துவிட்டாள். கடைசி வரியில் மூன்று வருடங்களாக ஒரு பிழையும் வந்ததில்லை. மூலையைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து போய் அதை முடுக்கவேண்டும், காத்திருக்கவேண்டும், நாற்பது பக்கங்களையும் முதலிலிருந்து தட்டிப் பார்க்கவேண்டும். கட்டத்தில் டிக் போட்டாள். பட்டியலை அனுப்பிவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஏழு வாரம் கழித்து ஒரு மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. ஐம்பத்திரண்டு வயதுத் தபால்காரர் ஒருவர், காலில் புண் புரையோடிச் சேர்ந்தவர், ஊசி போட்ட சில நிமிடங்களில் மூச்சுத் திணறி இறந்துபோயிருந்தார். அந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது அவருடைய பதிவில் தெளிவாக இருந்தது. அப்படிப்பட்ட மருந்தைக் கணினியில் ஏற்றினால் திரையில் சிவப்பாக எச்சரிக்கை வரவேண்டும். மருந்தைக் கொடுத்த மருந்தாளர் அம்மாள் பத்தொன்பது வருடம் அதே கவுன்டரில் இருந்தவர். எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்று சாதித்தார். அவரைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டு, மென்பொருளின் பதிவேடு என்ன சொல்கிறது என்று அறிக்கை எழுதி, அதோடு ஒருவரை விசாரணைக்கு அனுப்பும்படி மருத்துவமனை கேட்டிருந்தது.

பதிவேட்டில் இருந்தது இதுதான்: காலை 10.42, எச்சரிக்கை காட்டப்பட்டது.

"அவ்வளவுதான். இதை அப்படியே எழுதி அனுப்பிடலாம்" என்றார் குழுத்தலைவர். "பார்த்துட்டுப் பார்க்கலன்னு சொல்றாங்க. பயத்துல மனுஷங்க சொல்றதுதான். அறிக்கையில நீயும் ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா."

அவள் கடிதத்தின் அடியில் இருந்ததைப் படித்துக்கொண்டிருந்தாள். மருந்தகக் கணினியின் விவரம் அங்கே இருந்தது. மருந்துச் சீட்டு அச்சிடும் இயந்திரம் புதிய எதனோடும் ஒத்துப்போகாததால் அந்தப் பழைய கணினியை மாற்றாமல் வைத்திருந்தார்கள். அந்த இயங்குதளம், அந்த பிரவுசர், அந்தப் பதிப்பு எண். இருபத்து நான்காவது வரி.

"கொஞ்ச நேரம் கொடுங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

மூலைக் கணினியை முடுக்கிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள். பதினொரு நிமிடமும் அசையவில்லை. பிறகு ஒரு பொய் நோயாளியை உருவாக்கி, ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது என்று குறித்து, அதே மருந்தை ஏற்றினாள். திரை வெள்ளையாகவே இருந்தது. மறுபடி ஏற்றினாள். மறுபடி. ஒன்பது தடவை செய்தாள்.

பழைய பதிப்பில் எச்சரிக்கை நட்டநடுத் திரையில் ஒரு பெட்டியாக வந்து வழியை மறித்துக்கொண்டு நிற்கும். தொல்லையாக இருக்கிறது என்று மருந்தகங்கள் குறை சொன்னதால், புதுப் பதிப்பில் அதை மேலே ஓடும் சிவப்புப் பட்டையாக மாற்றியிருந்தார்கள். அந்தப் பட்டையை வரையச் சொல்லும் கட்டளை பழைய பிரவுசருக்குப் புரியவில்லை. புரியாததைப் பேசாமல் விட்டுவிட்டது. ஆனால் எச்சரிக்கையை அனுப்பிய கையோடு 'காட்டப்பட்டது' என்று பதிவேட்டில் ஏறிவிட்டது.

குழுத்தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் நின்றபடியே இரண்டு முறை பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத. இந்த வாரத்துக்குள்ள சத்தமில்லாம திருத்தி எல்லாருக்கும் அனுப்பிடலாம். யாருக்கும் இனிமே எதுவும் ஆகாது. ஆனா பழசைக் கிளறினா கம்பெனியே இருக்காது. எழுபது குடும்பம்."

"அந்த அம்மா சார்?"

"அவங்களும் நோயாளியோட பதிவைத் திறந்து படிச்சிருக்கணும் இல்ல?"

"படிக்க வேண்டாம்னுதானே சார் நாம எச்சரிக்கை வச்சோம்?"

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். மோசமான மனிதர் இல்லை அவர். அவள் பிரசவத்தின்போது அவள் வேலையையும் சேர்த்து மூன்று மாதம் இழுத்துக்கொண்டு ஓடியவர். போகும்போது அவள் தோள்பக்கம் கையைக் கொண்டுவந்து, தொடாமலே எடுத்துக்கொண்டார்.

வீட்டில் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தான். கேட்டு முடித்ததும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான்.

"அன்னிக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல் இல்ல?"

"அது அதுக்கு முந்தின வாரம்."

"அதனால என்ன? முந்தின வாரம் ராத்திரியெல்லாம் முழிச்ச. அந்த அசதி. அப்படிச் சொல்லேன். யார் தேதியைப் பார்க்கப் போறாங்க?"

"அசதி இல்லைங்க. நல்லாத்தான் இருந்தேன். சலிப்பா இருந்துச்சு. அவ்வளவுதான். எழுந்து அந்த மூலைக்குப் போகச் சலிப்பு."

அவன் அவளையே பார்த்தான். "இதைப் போய் வெளிய சொல்லப் போறியா?"

"வேற என்ன இருக்கு சொல்ல?"

"வேலை போயிடும்."

"போகும்."

அவன் மீதிப் பாத்திரங்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினான். கடைசியில், "நாளைக்கு விசாரணை எத்தனை மணிக்கு? நான் கொண்டுவந்து விடறேன்" என்றான்.

மறுநாள் விசாரணை மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் நடந்தது. நீள மேசையின் தலைமாட்டில் விசாரிக்கும் டாக்டர். ஒரு பக்கம் மருந்தாளர் அம்மாள், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. எதிரே தபால்காரரின் மனைவியும் மைத்துனரும். குழுத்தலைவர் வரவில்லை. போகாதே என்று அவளைத் தடுக்கவும் இல்லை.

"அறிக்கை கொண்டுவந்திருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லைங்க டாக்டர். எல்லாரும் ஒரு தடவை கீழ மருந்தகத்துக்கு வர முடியுமா? பேசறதைவிடக் காட்டிடறேன்."

எல்லோரும் இறங்கிப் போனார்கள். கவுன்டருக்குப் பின்னால், கணினிக்கு மேலே சுவரில், அவள் போட்ட பட்டியலை அச்செடுத்து ஒட்டியிருந்தார்கள். கடைசி வரியின் அடியில் மருந்தாளர் அம்மாள் மஞ்சள் மையால் கோடு போட்டிருந்தார். புதுப் பதிப்பை ஏற்றும்முன் அவரே தேடி எடுத்து, நம்முடையது இருக்கிறதா என்று சரிபார்த்தது அது.

அவள் ஒரு பொய் நோயாளியைப் பதிந்து மருந்தை ஏற்றினாள். வெள்ளைத் திரை. பிறகு, தான் கொண்டுவந்த மடிக்கணினியைப் பக்கத்தில் வைத்து அதே நோயாளியை, அதே மருந்தை ஏற்றினாள். சிவப்புப் பட்டை மேலே வந்து நின்றது. டாக்டர் குனிந்து இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

தபால்காரரின் மனைவிதான் முதலில் வாய் திறந்தார். "இதுல தெரியுது. அதுல தெரியல. அவ்வளவுதானா?"

"ஆமாம்மா."

"இது இப்படி ஆகும்னு முன்னாடியே பார்த்திருக்க முடியுமா?"

"முடியும்."

"யார் பார்த்திருக்கணும்?"

"நான்தான்மா. பார்க்காமலே பார்த்தேன்னு போட்டுட்டேன்."

மைத்துனர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தப் பெண்மணி கையை நீட்டித் தடுத்தார். அழவில்லை, சாபம் விடவில்லை. "எவ்வளவு நேரம் ஆகும், பார்க்க?" என்று மட்டும் கேட்டார்.

"ஒரு மணி நேரம்."

அந்தப் பெண்மணி தலையை ஆட்டினார், கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டுக்கொள்கிறவரைப் போல. பிறகு மைத்துனரின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

மருந்தாளர் அம்மாள் சுவரோரமாகவே நின்றிருந்தார். கைப்பை கீழே விழுந்திருந்தது. அதை எடுக்கவும் தோன்றவில்லை. "பதினேழு நாள்" என்றார், யாரிடம் என்று இல்லாமல். "வந்திருக்கும், நான்தான் பார்க்காம விட்டிருப்பேன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன். வீட்டுல கண் டாக்டர்கிட்டக்கூடக் கூட்டிட்டுப் போனாங்க."

அதன் பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. நிறுவனம் அன்று மாலையே நாற்பத்தொரு மருத்துவமனைகளுக்கும் எச்சரிக்கை அனுப்பியது. அதே பழைய கணினி இன்னும் மூன்று இடங்களில் இருந்தது தெரியவந்தது. அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. தபால்காரரின் குடும்பம் வழக்குப் போட்டது. அவள் வேலை போயிற்று. குழுத்தலைவரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். நிறுவனம் மூடப்படவில்லை, இருபது பேரோடு சின்னதாகிப் போயிற்று. முன்னாள் சக ஊழியர்கள் சிலர் தெருவில் அவளைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனார்கள். தபால்காரரின் மனைவிக்கு அவள் ஒரு கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. வரும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து வழக்குக்காக வாக்குமூலம் கொடுக்க அந்த மருத்துவமனைக்கு மறுபடி போகவேண்டியிருந்தது. மருந்தகக் கவுன்டரில் புதிதாக ஒருவர் இருந்தார். மருந்தாளர் அம்மாள் எங்கே என்று கேட்டாள். கீழே கிடங்கில் என்றார்கள்.

அம்மாள் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து காலாவதித் தேதிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை.

"கவுன்டரைத் திருப்பிக் கொடுத்தாங்க" என்றார். "ஒரு வாரம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு மாத்திரைக்கும் நாலு தடவை பார்க்கிறேன். வரிசை வாசல் வரைக்கும் போயிடுச்சு. நானே கேட்டு இங்க வந்துட்டேன்."

அவள் தலை குனிந்து நின்றாள்.

"நீங்க வராம இருந்திருந்தா, ஒருத்தரைக் கொன்னுட்டேன்னு நினைச்சுக்கிட்டே நான் செத்திருப்பேன். அது எனக்குத் தெரியும்." அம்மாள் ஒரு பெட்டியை மூடி ஒட்டுத்தாளை அழுத்தினார். "அதுக்காக உங்கள மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கலம்மா."

"ம்."

மேலே எங்கோ தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று போயிற்று. அம்மாள் உயரத் தட்டில் இருந்த பெட்டியை இறக்க எழுந்தார். அது கனமாக இருந்தது. அவள் மறுமுனையைப் பிடித்தாள். அம்மாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இருவருமாக அதைத் தரையில் இறக்கினார்கள்.

"தேதி கீழ்ப்பக்கம் இருக்கும்" என்றார் அம்மாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "படிங்க, நான் எழுதிக்கிறேன்."

அவள் முதல் டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் படித்தாள்.